வெட்டுத்துணியில் ஒரு வளையல் கணக்கு

"2.10 பெரிய எண்ணா, 2.8 பெரிய எண்ணா?"

கரும்பலகையில் எழுதிவிட்டு ஏழாம் வகுப்பைத் திரும்பிப் பார்த்தேன். பாதிக்கு மேற்பட்டோர் 2.10 என்றார்கள். எட்டைவிடப் பத்து பெரிது என்பதால் வரும் பிழை இது. கணக்கு ஆசிரியர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். திருத்தும் வழியும் நமக்குத் தெரியும். 2.8-ஐ 2.80 என்று எழுதி இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டுவோம். நானும் காட்டினேன், வகுப்பும் தலையாட்டியது. கடைசி வரிசையில் ஒரு மாணவி மட்டும் ஒப்புக்கொள்ளாத முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளை, வகுப்பில் வாய் திறப்பதே அரிது. மணி அடித்த பிறகு மேசையருகே வந்து நின்றாள்.

"எங்க அம்மா ரெண்டு எட்டு போடுவாங்க டீச்சர். அவ்வாவுக்கு ரெண்டு பத்து. அவ்வா கைதான் பெரிசு."

வளையல் அளவைச் சொல்கிறாள் என்று புரிய எனக்குச் சில நொடிகள் ஆயின. அவள் சொன்னது சரி. வளையல் கடையில் 2.10 என்பது 2.8-ஐவிடப் பெரியதுதான். இத்தனை ஆண்டுகள் வளையல் வாங்கிய எனக்கு அந்தப் புள்ளி எப்படி வேலை செய்கிறது என்று யோசிக்கத் தோன்றியதே இல்லை. அன்று மாலை கடைத்தெருவுக்குப் போய், கண்ணாடி வளையல்களை அளவுகோலில் வைத்துப் பார்த்தேன். அதன் பிறகு மூன்று வாரங்கள், வாரம் இரண்டு பாடவேளை வீதம், எங்கள் வகுப்பு தையல்கடை வெட்டுத்துணியில் நகை செய்தது. அதில் நடந்ததையும், தவறிப்போனதையும், கணக்கு ஆசிரியர்களுக்கும் அறிவியல் ஆசிரியர்களுக்கும் உதவும் என்று நினைப்பதையும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பள்ளி ஓசூருக்கும் கர்நாடக எல்லைக்கும் நடுவே இருக்கிறது. விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்கள் ஊர் ஊராக நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். சிலர் இந்தப் பக்கத்து ஆலைகளுக்கும், சிலர் எல்லை தாண்டி அத்திப்பள்ளி, பொம்மசந்திரா பக்கத்து ஆயத்த ஆடை ஆலைகளுக்கும் போகிறார்கள். காலர் தைப்பவர், காஜா எடுப்பவர், நூல் பிசிறு வெட்டும் ஹெல்பர் என்று எங்கள் மாணவர்களின் தாய்மார்களில் பலர் துணியோடு பிழைப்பவர்கள். வகுப்பில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் உண்டு. வட மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் இந்தியும் ஒடியாவும் பேசுகிறார்கள். இதே ஓசூரில்தான் டைட்டன் நிறுவனத்தின் கைக்கடிகார ஆலையும், தனிஷ்க் தங்க நகை ஆலையும் இருக்கின்றன. தங்க நகை செய்யும் ஊரில் நாங்கள் குப்பைத் துணியில் நகை செய்தோம் என்று ஒரு மாணவன் சொல்லிச் சிரித்தான். சிரிக்கட்டும்.

புள்ளி எந்தப் புள்ளி?

வளையல் அளவு அங்குலக் கணக்கு. புள்ளிக்கு முன்னால் இருப்பது முழு அங்குலம், பின்னால் இருப்பது பதினாறில் எத்தனை பங்கு என்பது. ஆகவே 2.4 என்றால் இரண்டு அங்குலமும் பதினாறில் நான்கு பங்கும். அதாவது இரண்டேகால் அங்குலம். 2.8 என்பது இரண்டரை. 2.12 என்பது இரண்டே முக்கால். 2.14-க்கு அடுத்து வருவது 3. இது வளையலின் உள்விட்டம். வெளிவிட்டத்தை அளந்தால் கணக்கு உதைக்கும்.

மாணவர்களுக்கு இதை நேரடியாகச் சொல்லவில்லை. ஆளுக்கொரு பழைய வளையலை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னேன். அளவு தெரிந்த வளையல்களை ஒவ்வொரு குழுவிலும் கலந்து வைத்து, உள்விட்டத்தை மில்லிமீட்டரில் அளக்கச் சொன்னேன். 2.4 ஏறத்தாழ 57 மி.மீ., 2.6 ஏறத்தாழ 60, 2.8 ஏறத்தாழ 63 அல்லது 64, 2.10 ஏறத்தாழ 67 என்று வந்தது. புள்ளி தசமப் புள்ளியாக இருந்தால் 2.4 அங்குலம் 61 மி.மீ. அல்லவா வர வேண்டும்? ஏன் வரவில்லை? இந்தக் கேள்வியோடு அன்றைய வகுப்பை முடித்து, வீட்டில் பாட்டிகளைக் கேட்டு வரச் சொன்னேன்.

பாட்டிகள் கைவிடவில்லை. ரூபாய்க்கு பதினாறு அணா இருந்த காலத்தை நேரில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1957 ஏப்ரலில் தசம நாணயம் வந்த பிறகும் ஐம்பது காசை எட்டணா என்றும் இருபத்தைந்து காசை நாலணா என்றும்தானே சொல்லிக்கொண்டிருந்தோம்? "ரெண்டு ரூபா எட்டணாவும் ரெண்டு ரூபா பத்தணாவும் மாதிரி" என்று ஒரு பாட்டி சொல்லி அனுப்பியிருந்தார். இதைவிடத் தெளிவாக நான் விளக்கியிருக்க முடியாது. பதினாறில் ஒரு பங்குக்குத் தமிழில் மாகாணி, வீசம் என்று பெயர்கள் இருந்ததையும், எட்டில் ஒரு பங்கு அரைக்கால் என்பதையும் அப்போதுதான் சொன்னேன். 2.6 இரண்டேகாலே அரைக்கால் ஆயிற்று.

பையன்கள் சும்மா இருக்கவில்லை. "டீச்சர், ஓவர் கணக்கும் இப்படித்தானே?" என்றான் ஒருவன். 19.5 ஓவர் என்றால் பத்தொன்பது ஓவரும் ஐந்து பந்துகளும். அடுத்த பந்து போட்டால் 19.6 ஆகாது, 20 ஆகிவிடும். கடிகாரத்தில் 10.30 என்பது பத்தரை மணி. மூன்று புள்ளிகள், மூன்றும் தசமம் இல்லை. ஓவரில் ஆறு, நேரத்தில் அறுபது, வளையலில் பதினாறு. பத்தின் அடுக்கில் போவதுதான் தசமப் புள்ளி என்ற வரையறை இதற்குப் பிறகுதான் அவர்களுக்கு ஒரு பொருளோடு விளங்கியது.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரச் சிறு தேர்வில் நன்றாகப் படிக்கும் மூன்று பேர் 2.10-தான் பெரியது என்று எழுதி, பக்கத்தில் வளையலும் வரைந்து வைத்திருந்தார்கள். அதன் பிறகு "வளையல் புள்ளி", "பாடப் புள்ளி" என்று பிரித்துப் பேசும் வழக்கத்தை வகுப்பே ஏற்படுத்திக்கொண்டது. வளையல் அளவை எழுதும்போது 2-8 என்று கோடு போட்டு எழுதினோம். முதலிலேயே அப்படிச் செய்திருக்க வேண்டும்.

அடுத்து வந்த சுற்றளவுதான் எனக்கே வியப்பாக இருந்தது. வளையலின் உள்பக்கம் ஒரு நூலை வைத்து அளந்தால் 2-2 அளவுக்கு 17 செ.மீ., 2-4 அளவுக்கு 18, 2-6 அளவுக்கு 19, 2-8 அளவுக்கு 20, 2-10 அளவுக்கு 21. ஓர் அளவு கூடினால் சுற்றளவு ஒரு சென்டிமீட்டர் கூடுகிறது! அங்குலத்தில் பிறந்த அளவு எப்படிச் சென்டிமீட்டரில் இவ்வளவு ஒழுங்காக விழுகிறது? எட்டில் ஒரு அங்குலம் 3.175 மி.மீ. அதை π-ஆல் பெருக்கினால் 9.97 மி.மீ. கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர். தற்செயல்தான். ஆனாலும் விட்டம் மாறினால் சுற்றளவு எவ்வளவு மாறும் என்பதைக் கற்பிக்க இதைவிட நல்ல பொருள் எனக்குக் கிடைக்கவில்லை. மெல்ல மலரும் மாணவர்களும் இந்த வரிசையை மனத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

கோணியும் கஞ்சியும்

வெட்டுத்துணிக்கு ஆலையைக் கேட்க வேண்டாம். ஆலைக் கழிவு எடைக்கு விலைபோகும் சரக்கு, அதற்கென்று வியாபாரிகள் இருக்கிறார்கள். நான் போனது எங்கள் தெருமுனைத் தையல்கடைக்கு. "இதையா கேக்கறீங்க டீச்சர்? எடுத்துட்டுப் போங்க, இடம் காலியாவும்" என்று கடைக்கார பாய் ஒரு கோணி நிறையக் கட்டிக் கொடுத்தார். ரவிக்கைத் துணி, லைனிங், சரிகை பார்டர் ஓரம், லேஸ் நுனி, பைப்பிங், எலாஸ்டிக் துண்டு, உடைந்த பட்டன் எல்லாம் இருந்தன. உள்ளே இரண்டு ஊசிகளும் இருந்தன. மாணவர்கள் கையை விடுவதற்கு முன் ஆசிரியர் ஒருமுறை கொட்டிப் பார்த்து, காந்தம் வைத்துத் துழாவிவிட வேண்டும். இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

வகைப்பிரிப்பதே ஓர் அறிவியல் பாடவேளை. தறியில் நெய்த துணியில் பாவும் ஊடையும் இருக்கும், வெட்டிய ஓரத்தில் நூல் பிரியும். பனியன் துணி கண்ணி கண்ணியாகப் பின்னப்பட்டது. அதன் ஓரம் அப்படிப் பிரியாது. குறுக்குவாக்கில் இரண்டு விரல் அகலத்துக்கு நாடாவாக வெட்டி இழுத்தால் ஓரம் தானாகச் சுருண்டு கயிறுபோல் ஆகிவிடும். நெய்த துணியை நேராக இழுத்தால் கொடுக்காது. மூலைவாட்டில் இழுத்தால் கொடுக்கும். தையல்காரர்கள் கிராஸ் துணி என்று சொல்வது இதைத்தான். வளைவான பொருளைச் சுற்றுவதற்குக் கிராஸில் வெட்டிய நாடாவே சுருக்கமின்றிப் படியும். 45 பாகைக் கோணத்தை வரைந்து பார்க்க வேறு காரணம் தேவையில்லை.

பருத்தியா பாலியெஸ்டரா என்பதை எரித்துப் பார்த்தால் தெரியும். இதை ஆசிரியர் மட்டும், இடுக்கியில் பிடித்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மென்மையான சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருங்கி, உருகி, ஆறியதும் கறுத்த கெட்டி மணியாக நிற்கும். உருகிய சொட்டு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். ஆலையில் வேலை செய்யும் ஒரு தாய், வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருந்த இரண்டு துண்டுகளைக் கையில் கசக்கிப் பார்த்தே சரியாகச் சொன்னார். எனக்கு நெருப்பு தேவைப்பட்டது.

பட்டன் தோடு செய்வது எளிது. பட்டனின் விட்டத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விட்டத்தில் துணியை வட்டமாக வெட்டி, ஓரத்தில் ஓட்டுத்தையல் போட்டு, நடுவில் பட்டனை வைத்து நூலை இழுத்தால் துணி பட்டனை மூடிக்கொள்ளும். வட்டம் பெரிதானால் பின்னால் துணி குவியும், சிறிதானால் பட்டன் வெளியே தெரியும். எத்தனை மடங்கு சரி என்று மூன்று நான்கு வட்டங்கள் வெட்டிப் பார்த்துக் குழுக்களே முடிவு செய்தன. மணிக்கு, நீளமான முக்கோணமாகத் துணியை வெட்டிக் கஞ்சியில் நனைத்து, அகலமான பக்கத்திலிருந்து ஈர்க்குச்சியின் மேல் சுற்றி, காய்ந்ததும் குச்சியை உருவ வேண்டும். அடிப்பக்கம் அகலமான முக்கோணம் நீள மணியாகும், குறுகலான அடியுள்ளது உருண்டையாகத் திரளும். மதிய உணவுக்கூடத்து வடிகஞ்சியே போதும். மைதாப் பசையும் பயன்படும். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் கலக்கும் வழக்கம் உண்டு. அது நஞ்சு, பிள்ளைகள் கையில் வேண்டவே வேண்டாம்.

வளையலில்தான் சறுக்கினோம். பழைய பிளாஸ்டிக் வளையலின் மேல் துணி சுற்றுவது என்று முடிவு. ஆளாளுக்குத் தங்கள் அளவு வளையலைக் கொண்டுவந்து, அழகாகச் சுற்றி, லேஸ் ஒட்டி, மறுநாள் போட்டுப் பார்த்தால் ஒருவர் கைக்கும் ஏறவில்லை. ஒரு வாரத்து உழைப்பு. இரண்டு பேர் அழுதேவிட்டார்கள். திட்டமிட்டவள் நான். துணிக்குத் தடிமன் உண்டு என்பதை நான் யோசிக்கவே இல்லை.

"உள்ள துணி வந்துட்டா அளவு குறையும்ல" என்று மெதுவாகச் சொன்னது அதே கடைசி வரிசை மாணவிதான். அவள் அம்மா ஆலையில் கை, கழுத்துப் பட்டி தைப்பவர். தையலுக்கு விடும் துணியைச் சேர்க்காமல் வெட்டினால் சட்டை சின்னதாகிவிடும் என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவள். கரும்பலகைக்கு வரச் சொன்னேன். இரண்டு வட்டங்கள் வரைந்தாள். துணியின் தடிமன் ஒன்றரை மி.மீ. என்றால், விட்டத்தின் இரண்டு முனைகளிலும் அது குறையும். மொத்தம் 3 மி.மீ. ஓர் அளவு என்பதே 3.175 மி.மீ.தான். அதாவது, 2-4 வளையலைச் சுற்றினால் அது 2-2 ஆகிவிடும். தடித்த பின்னல் என்றால் இரண்டு அளவுகூடக் குறையும். அதைச் சொல்லும்போது தெலுங்கும் தமிழும் கலந்து வந்தன. யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் விடை தேவைப்பட்டது.

கையை அளக்கும் முறையும் அவள் வழியாக வந்ததுதான். மணிக்கட்டை அளந்து பயனில்லை. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, விரல்களைக் குவித்து, முட்டிகளின் அகலமான இடத்தைச் சுற்றி டேப் வைக்க வேண்டும். அங்கே 18 செ.மீ. என்றால் 2-4. அதில் துணி சுற்ற 2-6 வளையல். இரண்டாம் முறை எல்லா வளையல்களும் ஏறின.

மொழிக்கும் ஒரு பாடவேளை கிடைத்தது. வளையலுக்குத் தெலுங்கில் காஜு, கன்னடத்தில் பளே, இந்தியிலும் உருதிலும் சூடி. ஊசிக்குத் தெலுங்கில் சூதி, கன்னடத்தில் சூஜி. காஜு என்று தெலுங்குப் பிள்ளை கேட்டதும் தமிழ்ப் பிள்ளை காஜா எடுக்க ஊசி தேடிய வேடிக்கையும் நடந்தது. சுவரில் ஐந்து மொழிச் சொற்களையும் தமிழ் எழுத்தில் எழுதி மாட்டினோம். ஒடியாப் பையன் தன் மொழிச் சொற்களைத் தானே எழுத வேண்டும் என்று அடம்பிடித்தான். தமிழ் எழுத்தில் அவன் பிழையின்றி எழுதிய முதல் வரிசைச் சொற்கள் அவை.

பையன்கள் முதலில் வளையல் செய்ய மறுத்தார்கள். திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவது யாருக்கு என்று கேட்டேன். ஒருவன் தன் மாமா அணிந்திருக்கும் செப்புக் காப்பை நினைவுபடுத்தினான். அதன் பிறகு பனியன் நாடாவில் காப்புப் பின்னுவதில் அவர்களே முந்தினார்கள். நகை என்றால் பொன் என்ற எண்ணம் நமக்குப் பின்னால் வந்து சேர்ந்ததோ என்னவோ. தாலிக்கு மஞ்சள் கயிறு, குழந்தைக்கு வசம்பு வளையல், காதில் போடுவதற்கு ஓலை என்ற பெயர் என்று நம் வழக்கத்திலேயே நூலும் வேரும் இலையும் நகையாக இருந்திருக்கின்றன.

கிருஷ்ணகிரி 2004-இல் பிரிவதற்கு முன் நாமும் இருந்த தருமபுரி மாவட்டத்தில், சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடையே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்குள்ள லம்பாடிப் பெண்கள் கண்ணாடிச் சில்லும் சோழியும் நாணயமும் துண்டுத் துணியும் சேர்த்துத் தைக்கும் வேலைப்பாட்டுக்குப் பெயர் பெற்ற மரபினர். அது கைவிட்டுப் போகும் நிலையில், சில மூத்த பெண்களின் நினைவில் மட்டும் மிஞ்சியிருந்தது. 1993 முதல் அங்கே பழங்குடியினருக்கு மருத்துவப் பணி செய்துவரும் ரெஜி, லலிதா என்ற மருத்துவத் தம்பதியரில் லலிதா முன்கை எடுக்க, இளம்பெண்கள் அதை மீண்டும் கற்றார்கள். இன்று "போர்கை" என்ற பெயரில் அவர்களே நடத்தும் கைவினை அமைப்பு இருக்கிறது. லம்பாடி மொழியில் போர்கை என்றால் பெருமிதம். இதைச் சொன்ன நாளில், பின்வரிசையில் ஒருவன் எழுந்து, தன் பாட்டியின் பாவாடையில் அப்படித்தான் கண்ணாடி இருக்கும் என்றான். அவன் லம்பாடி வீட்டுப் பிள்ளை என்பது அதுவரை வகுப்பில் யாருக்கும் தெரியாது. எனக்கும்தான்.

நூறு ஜோடி

செய்ததைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தன்று வராந்தாவில் வைத்தோம். பக்கத்து ஊர் ஃபேன்ஸி கடைக்காரர் ஒருவர் பட்டன் தோட்டைப் பார்த்துவிட்டு, ஜோடி 5 ரூபாய் வீதம் நூறு ஜோடி கேட்டார். வகுப்பு துள்ளிக் குதித்தது. நான் முடியாது என்றேன். பதினான்கு வயதுக்குட்பட்டோரை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது என்று 2016-இல் திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. பள்ளியே அதற்கு வாசல் திறக்க முடியுமா? மாணவர்களுக்குச் சட்டம் புரியவில்லை. கோபம்தான் வந்தது. "எங்க அம்மா பீஸ் கணக்குலதான டீச்சர் சம்பாதிக்கிறாங்க, அது தப்பா?" என்று ஒருவன் கேட்டான். தப்பில்லை என்றேன். வேறு பதில் உடனே வரவில்லை. கணக்குப் போடுவோம் என்றேன்.

ஒரு ஜோடி செய்ய வகுப்பின் சராசரி 25 நிமிடங்கள். நூறு ஜோடிக்கு 2,500 நிமிடங்கள், அதாவது 41 மணி 40 நிமிடங்கள். வரவு 500 ரூபாய். காதில் மாட்டும் கொக்கி ஜோடிக்கு ஒரு ரூபாய் வீதம் 100 போனால் மீதி 400. மணிக்கு 9 ரூபாய் 60 காசு. கரும்பலகையில் அந்த எண் வந்ததும் சத்தம் அடங்கியது. "எங்க அம்மா வீட்ல கம்மலுக்குக் கொக்கி மாட்டற வேலை செஞ்சாங்க டீச்சர். ராத்திரி பன்னண்டு மணி வரைக்கும். அப்பறம் விட்டுட்டாங்க" என்றாள் ஒரு மாணவி. ஏன் விட்டார் என்று யாரும் கேட்கவில்லை, எண் எதிரில் இருந்தது. கோபப்பட்ட பையன் அந்தக் கணக்கை நோட்டில் எழுதிக்கொண்டு, 25 நிமிடம் 10 நிமிடமாகக் குறைந்தால் என்ன ஆகும் என்று தனியே போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். 24 ரூபாய் வந்தது. அதுவும் அவனுக்குத் திருப்தியாக இல்லை.

தோடுகளையும் வளையல்களையும் செய்தவர்களே வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

கடைசி வாரம் ஒரு விடுப்பு நாளில், கடைசி வரிசை மாணவியின் அம்மா பள்ளிக்கு வந்தார். ஐந்து ஆண்டுகளில் முதல் முறை. பகலில் அவருக்கு நேரம் இருப்பதில்லை. "எங்க வேலையில என்னங்க டீச்சர் பாடம் இருக்கு" என்று கூச்சப்பட்டார். பிறகு மகள் மேசைமேல் வைத்திருந்த வளையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓரத்தில் தெரிந்த பிசிறைத் தன் பையிலிருந்த சிறு கத்தரியால் நறுக்கினார். லேஸை ஒட்டாமல் கண்ணுக்குத் தெரியாத தையலில் பிடிப்பது எப்படி என்று வகுப்புக்குக் காட்டினார். முக்கால் மணி நேரம், நின்றுகொண்டே. மகள் பக்கத்தில் நின்று அம்மா தெலுங்கில் சொன்னதைத் தமிழில் சொன்னாள்.

புறப்படும்போது என் கையைப் பிடித்து, விரல்களைக் குவித்து, டேப் இல்லாமல் தன் விரல்களாலேயே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு எட்டு போட்டிருக்கீங்க டீச்சர். உங்களுக்கு ரெண்டு ஆறு போதும்."

மகள் டேப்பை எடுத்து வந்து அளந்தாள். 19 செ.மீ.